பற்களைத் திருத்தும் வில்கம்பி

பல்லை முத்துக்கும் முல்லையரும்புக்கும் ஒப்பிட்டுப் பாடுவது நம் புலவர் மரபு. ஆயினும் எல்லார் வாயிலும் முத்துகள் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருப்பதில்லை. முன்னே நீண்டு நிற்பதை எத்துப்பல் என்றும், ஒன்றையொன்று நெருக்கி ஏறி நிற்பதைத் தெற்றுப்பல் என்றும் பெயரிட்டு வழங்குகிறோம். தெற்றுப்பல்லை அழகென்று கொண்டாடுவாரும் உளர். அவரோடு நமக்கு வழக்கில்லை. அதனைக் குறையெனக் கருதித் திருத்திக்கொள்ள விழைந்தோர்க்காக மனிதன் ஒரு மெல்லிய கம்பியை எவ்வாறு படைத்தான், அக்கம்பி உதட்டுப்புறத்தை விட்டு நாப்புறத்திற்கு எவ்வாறு குடிபெயர்ந்தது, குடிபெயர்ந்ததற்கு அது செலுத்த நேர்ந்த விலை யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். குடிபெயர்தலும் அதற்குரிய விலையும் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்குப் புதியன அல்ல.

பல்லை நகர்த்த முடியும் என்னும் அறிவு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் செல்சஸ், பாற்பல் விழாதிருக்கப் புதுப்பல் அதன் அருகே முளைத்துவிட்டால், பாற்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நாள்தோறும் விரலால் தள்ளி உரிய இடத்திற்குக் கொண்டுவருமாறு எழுதிவைத்தார். எளிய முறைதான், ஆனால் அதனுள்ளே ஒரு பேருண்மை அடங்கியிருக்கிறது. சிறிய விசை, இடைவிடாது, ஒரே திசையில் செயற்பட்டால் எலும்பும் வழிவிடும் என்பதே அவ்வுண்மை.

எலும்பு ஏன் வழிவிடுகிறது? பல், சுவரில் அறைந்த ஆணிபோலத் தாடையில் இறுகி நிற்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கனமே உள்ள நார்த்திசு ஒன்று பல்லைத் தொட்டில்போல் தாங்கியிருக்கிறது. பல்லை ஒரு பக்கம் அழுத்தினால், அழுந்திய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் கூடுகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. 1904ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்டெட் என்பார் நாய்களின் பற்களில் இதனைக் கண்டு வெளியிட்டார். 1932இல் ஆஸ்திரிய அறிஞர் ஷ்வார்ட்ஸ் மேலும் ஒருபடி சென்று, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் அளவிலேயே நிற்கவேண்டும், அதாவது நுண்குழாய்களில் ஓடும் குருதியின் அழுத்தத்தைத் தாண்டலாகாது என்று கணக்கிட்டார். அதற்கு மேற்சென்றால் குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு மடிகிறது. பல் நகர்வதும் தாமதப்படுகிறது. இக்கணக்கைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியுள்ளனர். எனினும் மென்மையாக அழுத்துவோனே விரைந்து முன்னேறுவான் என்னும் அடிப்படை மாறவில்லை. நன்றாக நடைபெறும் சிகிச்சையிலும் பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே நகரும்.

ஆகவே, பல் திருத்தும் கலையின் வரலாறு என்பது, பார்க்கப்போனால், மெல்ல நெடுநாள் அழுத்தும் கம்பியைத் தேடிய வரலாறே ஆகும்.

1728ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியேர் ஃபொஷார் தம் பெருநூலை வெளியிட்டார். தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன மெல்லிய தகடு ஒன்றைக் குதிரை இலாட வடிவில் வளைத்து, துளையிட்டு, கோணிய பற்களை அதனோடு நூலால் இழுத்துக் கட்டுவது அவர் கண்ட முறை. பல் சாய்ந்திருக்கும் திசைக்கேற்பத் தகட்டை வெளிப்புறத்திலோ உட்புறத்திலோ வைக்கலாம் என்றார். அத்தகடு மிக விறைத்ததாகவும் இருத்தலாகாது, மிகத் துவள்வதாகவும் இருத்தலாகாது என்ற எச்சரிக்கையும் அவருடையது. பின்வந்த முந்நூறு ஆண்டுகளின் ஆராய்ச்சியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திற்கு எழுதப்பட்ட உரையே என்று சொல்லத் தோன்றுகிறது. நாப்புறத்தில் கருவி வைக்கும் எண்ணமும் அன்றே பிறந்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இக்கலையைத் தனித்துறையாக நிலைநாட்டியவர் அமெரிக்கராகிய எட்வர்டு ஆங்கிள். 1855இல் பிறந்து 1930இல் மறைந்த இவர் பிடிவாதக்காரர். தம் கருத்துக்கு மாறுபட்டோரை எளிதில் மன்னியாதவர். பற்களைப் பிடுங்காமலே எல்லாரையும் திருத்தலாம் என்ற அவர் கொள்கையை அவருடைய மாணவர்களே பிற்காலத்தில் கைவிட்டனர். ஆனால் கருவி செய்வதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. முதலில் அவர் செய்தது, கடைவாய்ப் பற்களில் பூட்டிய தடித்த வளைகம்பி. மற்றப் பற்களை அதனோடு இழுத்துக் கட்டினார். அதனால் பல்லின் முடி சாய்ந்ததேயன்றி வேர் அசையவில்லை. ஆகவே 1916இல் நாடாப்போன்ற தட்டைக்கம்பியை நிமிர்த்தி, பல்லின்மேல் பொருத்திய சிறு கொளுவியில் செருகினார். பல் மருத்துவர் பிராக்கெட் என்று சொல்வது இக்கொளுவியைத்தான். 1925 அளவில் அத்தட்டைக்கம்பியைத் திருப்பி, அதன் விளிம்பு பல்லை நோக்குமாறு படுக்கவைத்தார். கொளுவியின் பள்ளம் 0.022 அங்குலம் உயரமும் 0.028 அங்குலம் ஆழமும் உடையது. செவ்வகக் கம்பியைச் செவ்வகப் பள்ளத்தில் முறுக்கிச் செருகினால், திருகாணியைத் திருகுவதுபோல் வேரையே திருப்பலாம். இன்றும் உலகெங்கும் பல்லுக்குக் கம்பி கட்டுவோர் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தையோ இதன் வழிவந்த ஒன்றையோதான் கையாளுகின்றனர்.

ஆங்கிள் கையாண்ட கம்பி தங்கம் சேர்ந்த உலோகக்கலவை. அதனால் இச்சிகிச்சை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. 1912, 1913ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் துருப்பிடியாத எஃகு தோன்றிற்று. நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என்று வழங்குவது அதுவே. 1930களில் அது பல் மருத்துவரின் கைக்கு வந்தது, விலை குறைந்தது, ஆனால் எஃகு, தங்கக்கலவையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விறைப்புடையது. விலையில் இறங்கிய பாரம் பல்லின்மேல் ஏறிற்று.

விறைப்பு என்பதைச் சற்று விளக்கவேண்டும். சுவரிலிருந்து நீட்டிய விட்டம் எங்ஙனம் சுமை தாங்குகிறது என்பதை 1638இல் கலிலியோ ஆராயத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் முதலியோர் அதனைக் கணிதமாக்கினர். அக்கணிதம் பாலத்திற்கும் ஒன்றே, பல்லில் கட்டிய கம்பிக்கும் ஒன்றே. வட்டக்கம்பியின் குறுக்களவை இரட்டித்தால் விறைப்பு இருமடங்காவதில்லை, 16 மடங்காகிறது. தாங்கும் இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு 8 மடங்காகிறது. நீண்ட தூண்டிற்கோலை எளிதில் வளைக்கும் சிறுவன், அதே கோலைச் சாண் நீளத்திற்கு முறித்தால் வளைக்க இயலாமல் திகைப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இவ்விதியை நன்குணர்ந்தவர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து ரேமண்ட் பெக். 1920களில் ஆங்கிளிடமே பயின்ற இவர், ஊர் திரும்பியபின் ஆசிரியரின் தட்டைக்கம்பியை விட்டு மெல்லிய வட்டக்கம்பிக்கு மாறினார். ஆசிரியர் கைவிட்ட 1916ஆம் ஆண்டுக் கொளுவியைத் தலைகீழாக்கிப் பயன்படுத்தினார். வில்காக் என்னும் உலோகவியலார் அவருக்காக 0.016 அங்குலக் கனத்தில் உறுதியும் மீள்திறனும் மிக்க எஃகுக்கம்பி இழுத்துத் தந்தார். நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிற்றப்பட்ட முறை பெக் முறையே.

நம் நாட்டில் அக்கல்லூரிகளுக்கு முதல் விதையிட்டது கல்கத்தா. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இன்று அது அவர் பெயராலேயே விளங்குகிறது. அயோவா என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஏனெனில், அடுத்த பெருமாற்றம் அங்கிருந்தே வந்தது. அதன் மூலமோ ஒரு போர்க்கருவிக் கூடம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர், ஏவுகணையின் முகப்புக்கேற்ற உலோகம் தேடியபொழுது, 1959 அளவில் நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சமமாகக் கலந்த கலவையில் கருத்தூன்றினார். சில ஆண்டுகளுக்குள், கூட்டம் ஒன்றில் அக்கலவையால் ஆன மடிப்புத் தகட்டைக் கைக்குக்கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் தம் புகைக்குழாய் கொளுத்தியின் தீயை அதன் அருகே காட்டினார். வளைந்து மடிந்திருந்த தகடு தானாகவே நிமிர்ந்து நீண்டது! நிக்கல், டைட்டேனியம், கடற்படை ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கூட்டி அதற்கு நிட்டினால் என்று பெயரிட்டனர். அயோவா பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970களின் தொடக்கத்தில் அதனைப் பல்லுக்குரிய கம்பியாக்கினார். எஃகின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்களவே உடையது அது. பெரிதும் வளைத்தாலும் பழைய வடிவுக்கு மெல்ல மீளும். 1980இல் சார்லஸ் பர்ஸ்டோனும் கோல்ட்பர்கும் பீட்டா டைட்டேனியம் என்னும் வேறொரு கம்பியை அறிமுகப்படுத்தினர். அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விரும்பியவாறு வளைத்து வடிவு கொடுக்கவும் இடந்தருவது.

கம்பி இவ்வாறு மென்மையுற்றதே, அது நாப்புறத்திற்குச் செல்ல ஒரு வாயிலைத் திறந்தது. மற்றொரு வாயில் பசை. முன்னாளில் கொளுவியைத் தாங்க ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டவேண்டும். சிரித்தால் வாய் நிறைய உலோகம். 1955இல் மைக்கேல் பூனகோர், பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லின்மேல் அரை நிமிடம் தடவினால் அதன் மேற்பரப்பு நுண்ணிய குழிகளுற்றுப் பிசினைக் கவ்விக்கொள்ளும் என்று காட்டினார். இரும்பின்மேல் வண்ணம் ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் அவ்வமிலத்தைப் பூசும் வழக்கமே அவருக்கு வழிகாட்டிற்று. பத்தாண்டுகளில் கொளுவியை நேரே பல்லில் ஒட்டும் முறை பிறந்தது. ஒட்டமுடியும் என்றால், முன்புறத்தில்தான் ஒட்டவேண்டும் என்று யார் சொன்னது?

இக்கேள்வியை 1970களில் இருவர், இரு கண்டங்களில், வெவ்வேறு காரணம் பற்றிக் கேட்டனர். கலிபோர்னியாவில் கிரேவன் கர்ஸ் என்பாரிடம் வந்தவள், கேளிக்கை விடுதியொன்றில் விருந்தினரை உபசரிக்கும் பணியிலிருந்த ஒரு பெண். முன்னே கம்பி தெரிந்தால் அவள் பிழைப்புக் கெடும். ஜப்பானில் கின்யா ஃபுஜிதாவின் கவலையோ வேறு: தற்காப்புக் கலை பயில்வோர் முகத்தில் அடிபட்டால், முன்புறக் கொளுவிகள் உதட்டையும் கன்னத்தையும் கிழித்துவிடும். ஆகவே இருவரும் கம்பியைப் பல்லின் முதுகுக்குக் கொண்டுபோயினர். கம்பியை மறைக்க விரும்புவதை வீண் பகட்டு என்று சிலர் எள்ளுவதுண்டு. முகத்தாலும் குரலாலும் உணவு தேடும் மனிதருக்கு அது பகட்டன்று என்பது என் துணிபு.

ஆனால், குடிபெயர்ந்த இடத்தில் பழைய விதிகள் கடுமையாயின. மதுரையில் வெளிவீதியைச் சுற்றுவதற்கும் ஆடிவீதியைச் சுற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். பல்வரிசையின் உட்புறம் குறுகிய வட்டம். பற்களின் எண்ணிக்கையோ மாறவில்லை. எனவே கொளுவிக்கும் கொளுவிக்கும் இடைவெளி சுருங்குகிறது. வெளியே 6 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி உள்ளே 4 மில்லிமீட்டராகக் குறைந்தது எனக் கொள்வோம். கம்பி அதே கம்பிதான். அதன் விறைப்போ மும்மடங்குக்கும் மேலாகிவிடும். வெளியே 0.016 அங்குலக் கம்பி செய்த வேலையை உள்ளே செய்ய, ஏறத்தாழ 0.012 அங்குலக் கம்பி வேண்டும். அவ்வளவு மெல்லிய கம்பி பள்ளத்தில் தளர்ந்து கிடக்கும்; வேரைத் திருப்பும் வலிமை அதற்கில்லை. நிட்டினாலும் பீட்டா டைட்டேனியமும் நாப்புறத்தில் பெருமதிப்புப் பெற்றது இதனாலேயே.

அடுத்த இடர் பல்லின் வடிவு. முன்பற்களின் வெளிமுகம் ஏறக்குறைய ஒரே சீரானது; உள்முகமோ சரிவும் மேடும் உடையது, ஆளுக்கு ஆள் வேறுபடுவது. சரிவான நிலத்தில் கொளுவியைச் சிறிதே மேலோ கீழோ ஒட்டினாலும் வேரின் சாய்வு மாறிவிடும். கோரைப்பல்லுக்கும் அதற்கடுத்த பல்லுக்கும் இடையே கனம் திடீரென மாறுவதால் கம்பியும் அங்கே உள்நோக்கி மடியவேண்டும். ஃபுஜிதா 1979இல் வெளியிட்ட கட்டுரையில் அக்கம்பிக்குக் காளான் வில் என்றே பெயரிட்டார். மேலிருந்து நோக்கினால் குடைக்காளானின் குறுக்குவெட்டைப் போன்றிருக்கும்.

மூன்றாவது இடர் நுட்பமானது. ஒவ்வொரு பல்லின் வேரிலும், விசை அதன்வழியே சென்றால் பல் சாயாமல் முழுமையாக நகரும் புள்ளி ஒன்று உண்டு. அதனைத் தடைமையம் எனலாம். மேற்பல்லை முன்புறக் கொளுவியால் எலும்பினுள் மேல்நோக்கி அழுத்தினால், அவ்விசை தடைமையத்திற்கு முன்னே செல்கிறது. பல்லின் முடி முன்னோக்கிச் சாய்கிறது. அதே விசையை உட்புறத்தில் கொடுத்தால் அது மையத்தின் அருகிலோ அதற்குப் பின்னாலோ செல்கிறது, முன்சாய்வு உண்டாவதில்லை. ஆகவே எத்துப்பற்களைப் பின்னே இழுக்கும்போது, முன்புறக் கம்பியில் கிடைத்த ஈடு உட்புறத்தில் கிடைப்பதில்லை. முன்பற்கள் உள்ளே மடிந்து விழ, கடைவாய்ப் பற்கள் முன்னே கவிழ, பல்வரிசை நடுவில் வில்போல் தொய்ந்துவிடும். இதனைத் தடுக்க மருத்துவர் கம்பியில் முன்கூட்டியே எதிர்வளைவு கொடுக்கவேண்டும், இழுவிசையையும் குறைக்கவேண்டும். வெளிக்கம்பியில் பழகிய கை, இங்கே மறுபடியும் மாணவனாக வேண்டியிருந்தது.

கர்ஸ் எதிர்கொண்ட முதல் தோல்வியோ இவற்றினும் எளியது. வாயை மூடினால் கீழ்ப்பற்களின் விளிம்பு மேற்பற்களின் பின்னேயுள்ள கொளுவிகளில் உராய்ந்து அவற்றைப் பெயர்த்தெறிந்தது. கொளுவியிலேயே ஒரு சிறு மேடை அமைத்துக் கீழ்ப்பல் அதன்மேல் வந்தமருமாறு அவர் செய்தார். பெயர்க்கும் விசை அழுத்தும் விசையாயிற்று, கொளுவி நிலைத்தது. தொடக்கத்தில் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமையால் மெல்லுவது கடினம். எனினும் ஆழமாக மூடும் பல்வரிசையை அந்த மேடையே விரைந்து திறந்து திருத்தியது. எதிர்பாராது கிட்டிய ஊதியம் அது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் இக்கண்ணுக்குத் தெரியாக் கம்பியைப் பெரிதாகப் பேசின. மக்கள் கேட்டனர், மருத்துவர் பலர் சில நாட்பயிற்சியோடு களத்தில் இறங்கினர். விளைவு நன்றாயில்லை. சிகிச்சை நீண்டது, கொளுவிகள் கழன்றன, முடிவு கோணலாயிற்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் ஆர்வம் வற்றிப்போயிற்று. பழி கருவியின்மேல் போடப்பட்டது. ஆனால் ஆய்லர் காலத்துக் கணிதத்தைப் பாராமுகமாய் விட்டவர் பொறுப்பும் அதில் உண்டு. பிரான்சு, இத்தாலி, ஜப்பான் முதலிய நாடுகளில் சிலர் பொறுமையோடு தொடர்ந்தனர். வாயில் நேரே ஒட்டாமல், சுண்ண மாதிரியில் பற்களை அறுத்தெடுத்து மெழுகில் ஒழுங்காக அடுக்கி, அவ்வொழுங்குக்கேற்பக் கொளுவிகளைப் பதித்து, பிறகு அச்சோடு வாய்க்கு மாற்றும் முறையை அவர்கள் செப்பமாக்கினர்.

நாக்கின் துன்பத்தையும் சொல்லவேண்டும். கம்பியைத் தாங்கும் முதற்சில வாரங்களில் நாவின் விளிம்பு புண்படும், பேச்சுக் குழறும். தகர நகரங்கள் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் பிறப்பியலில் துல்லியமாக வகுத்திருக்கிறார். நாவின் நுனி பரந்து பல்லின் அடியைச் சென்று பொருந்தவேண்டும் என்கிறார். கொளுவிகள் குடியேறிய இடமும் அதன் அண்டைதான். ஆகவே நாப்புறக் கம்பி பூண்ட தமிழருக்கு, இதழ் ஒன்றினாலேயே பிறக்கும் ‘அம்மா’ உடனே வரும். ‘தந்தை’க்குச் சில நாள் காத்திருக்கவேண்டும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் நாக்கு புதுவழி கற்றுக்கொள்கிறது. பாடகரும் ஆசிரியரும் இதனை முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

2000ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் டிர்க் வீக்மன் என்பார் கணிப்பொறியின் துணையோடு புதுவழி வகுத்தார். நோயாளியின் பல் மாதிரியை ஒளியால் அளந்து, ஒவ்வொரு பல்லின் சரிவுக்கும் தனித்தனியே கொளுவி வார்த்தனர். காளான் வில்லின் மடிப்புகளை இயந்திரக் கையே வளைத்தது. கொளுவி பல்லோடு ஒட்டித் தட்டையாயிற்று. நாக்கின் துன்பம் குறைந்தது. இதில் வரலாற்று மாணவனுக்கு வியப்பளிக்கும் செய்திகள் இரண்டு. அக்கொளுவிகள் வார்க்கப்பட்டது தங்கக்கலவையில். அவற்றில் செருகிய கம்பியோ, ஆங்கிள் 1916இல் செய்து பின்னர்க் கைவிட்டது போன்றே, நாடாவாக நிமிர்ந்து நின்றது.

1990களின் இறுதியிலிருந்து, கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடிபோன்ற நெகிழித் தகடுகளும் சந்தைக்கு வந்துவிட்டன. தெரியாமல் திருத்திக்கொள்ள விரும்புவோர் பலர் அவற்றை நாடுகின்றனர். எளிய கோணல்களுக்கு அவை போதும். வேரைத் திருப்புதல், சுழன்ற பல்லை நிமிர்த்துதல் போன்ற கடினமான வேலைகளில், பல்லை விடாது பற்றும் கம்பிக்குரிய இடம் இன்னும் இருக்கிறது. உட்கம்பியின் செலவு வெளிக்கம்பியைவிடக் கணிசமாக மிகுதி. அதில் பயிற்சியுள்ள மருத்துவரும் பெருநகரங்களிலேயே பெரும்பாலும் கிடைப்பர். கட்டிக்கொள்ள எண்ணுவோர், இம்முறையில் அவர் முன்பு முடித்த சிகிச்சைகளின் மாதிரிகளைக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை.

வெளிக்கம்பி கட்டிக்கொண்டோரும் நாப்புறக் கம்பியிலிருந்து முற்றும் தப்புவதில்லை. திருத்திய பற்கள் பழைய இடத்திற்குத் திரும்ப முனைவன. ஆதலின் முன்கம்பியைக் கழற்றியவுடன், மருத்துவர் பலர் கீழ்முன்பற்களின் பின்னே, மெல்லிய இழைகளை முறுக்கிய சிறு கம்பி ஒன்றை ஒட்டிவிடுகின்றனர். அது பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். தேநீர் அருந்தும்போது நாக்கு மட்டும் சிற்சில சமயம் அதனைத் தடவிப் பார்க்கும்.